மலைக்கு ஏற்ற யோசனை: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கத்திலிருந்தும் வந்தவை. பலர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள்: "வீடியோவில் பார்த்த யோசனை எங்கள் ஊரில் சரிப்பட்டு வரவில்லையே, ஏன்?" அந்த யோசனைகளில் முக்கால்வாசி சமவெளி வெயிலையும் சமவெளிக் காற்றையும் நம்பிச் செய்தவை. 7,000 அடி உயரத்தில் குளிர், ஈரம், சரிவு, காட்டு விலங்கு என்று கணக்கே வேறு. இங்கே எது உதவுமோ அதை மட்டும் பேசுவோம் என்று இந்த இதழை மலைக்காரர்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: மார்கழி, தை மாதங்களில் தோசை மாவு இரண்டு நாளானாலும் பொங்குவதில்லை. சோடா உப்பு போட எனக்கு இஷ்டமில்லை. வேறு வழி இருக்கிறதா?
— ஒரு வாசகி, அரவேணு

இருக்கிறது அக்கா. மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு 28 முதல் 32 டிகிரி வரை சூடு இருந்தால் கொண்டாட்டம். தை மாத ராத்திரியில் உங்கள் சமையலறையில் அதில் பாதிகூடத் தேறாது. அதனால் மாவில் குறை இல்லை, உளுந்தை மாற்றிப் பார்க்க வேண்டியதும் இல்லை.

மருந்துக் கடைகளுக்கு இன்சுலின் வரும் தெர்மோகோல் பெட்டி, இல்லையென்றால் மீன் ஐஸில் வரும் பெட்டி, பழசாகக் கிடைத்தால்கூடப் போதும், நன்றாகக் கழுவிக் காயவைத்துக்கொள்ளுங்கள். மாவை வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, ஒரு ஸ்பூன் வெந்தயமும் சேர்த்து அரைத்து, பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகாமல் ஊற்றி இந்தப் பெட்டிக்குள் வையுங்கள். பக்கத்தில் இரண்டு எவர்சில்வர் பாட்டிலில் சுடுதண்ணீர். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கை பொறுக்கிற சூடு போதும், பாட்டில் மாவுப் பாத்திரத்தை ஒட்டியும் இருக்க வேண்டாம். மூடி போட்டு மேலே ஒரு பழைய கம்பளியைச் சுற்றிவிடுங்கள். தூங்கப் போகும் முன் ஒரு தடவை பாட்டில் தண்ணீரை மாற்றினால் காலையில் மாவு மேலே வந்திருக்கும்.

ஐஸ் வைக்கும் பெட்டியில் சூடு எப்படி நிற்கும் என்று வீட்டில் கேட்பார்கள். அந்தப் பெட்டி குளிரையும் உண்டாக்குவதில்லை, சூட்டையும் உண்டாக்குவதில்லை, உள்ளே இருப்பதை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். 1892-இல் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜேம்ஸ் டூவர் இரட்டைச் சுவர் வைத்து நடுவில் காற்றை உறிஞ்சி எடுத்த குடுவையைச் செய்ததே, திரவமாக்கிய வாயுக்கள் சூடேறிவிடாமல் காப்பாற்றத்தான். அதையே சூடான பானத்துக்கும் வைக்கலாமே என்று ஜெர்மனியில் ரைன்ஹோல்ட் பர்கர் என்ற கண்ணாடித் தொழிலாளி 1904 வாக்கில் வியாபாரமாக்கினார். நம் வீட்டு பிளாஸ்க் அப்படி வந்ததுதான்.

கேள்வி: மதுரையில் நாலு விசிலில் வெந்த துவரம்பருப்பு, கொடைக்கானல் வந்த பிறகு நறுக் நறுக்கென்று நிற்கிறது. குக்கரில் கோளாறா?
— ஒரு வாசகர், நாயுடுபுரம்

குக்கரில் கோளாறு இல்லை, உயரம்தான் காரணம். மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். கொடைக்கானலில் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதி வந்துவிடுகிறது. குக்கரின் வெயிட், வெளியே இருக்கிற அழுத்தத்தின் மேல் ஒரே அளவைத்தான் கூட்டிக் கொடுக்கும். வெளியே குறைவு என்றால் உள்ளேயும் குறைவு. மதுரையில் குக்கருக்குள் 121 டிகிரி வரை போகும், உங்களுக்கு 116 பக்கத்தில் நின்றுவிடும். ஐந்து டிகிரிதானே என்று தோன்றும், பருப்புக்கு அது பெரிய வித்தியாசம். அரை மணி நேரம் ஊற வையுங்கள், முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து வழக்கத்தைவிட ஐந்தாறு நிமிடம் கூட விடுங்கள்.

விசில் மேல் கல்லையோ கரண்டியையோ வைத்து அழுத்தத்தைக் கூட்டும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். 1679-இல் டெனி பாப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் முதல் அழுத்தப் பாத்திரத்தைச் செய்தார். ஆவியை மூடி வைப்பதை எவரும் யோசித்திருப்பார்கள். அளவு மீறினால் தானே திறந்துகொள்ளும் வால்வு வைத்தாரே, அதுதான் அவர் செய்த பெரிய காரியம். அதன் மேல் கனத்தை வைத்தால் அடுப்படியில் வெடிகுண்டு வைத்த மாதிரி. இன்னொன்று, ராஜ்மா, பட்டர் பீன்ஸ் மாதிரிப் பயறுகளை முழுக்கொதியில் குறைந்தது பத்து நிமிடமாவது வேகவிடாமல் சாப்பிட வேண்டாம். அரைவேக்காட்டில் வயிற்றைக் கெடுத்துவிடும்.

கேள்வி: எங்கள் பூண்டு வயல் மேலே, ஓடை கீழே. டீசல் மோட்டாருக்குக் கட்டுப்படியாகவில்லை, கரண்ட் லைன் தூரம். கரண்டே இல்லாமல் தண்ணீரை மேலே ஏற்றும் பம்பு ஒன்று உண்டு என்று ஒருவர் சொன்னார். நிஜமா, கதையா?
— ஒரு விவசாயி, பூம்பாறை

நிஜம்தான் ஐயா. ஹைட்ராலிக் ராம் என்று பெயர். மலைச்சரிவில் விவசாயம் செய்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இயந்திரத்தை நான் அறியேன். நம் மலைகளில் இது அதிகம் கண்ணில் படாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 1796-இல் இதை உருவாக்கியவர் ஜோசப் மான்கால்ஃபியே. 1783-இல் தம்பியோடு சேர்ந்து வெப்பக்காற்று பலூனைப் பறக்கவிட்டாரே, அதே மனிதர்தான்.

வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன். குழாயில் தண்ணீர் வேகமாக வரும்போது டக்கென்று மூடினால் சுவருக்குள் ‘டம்’ என்று ஒரு சத்தம் வருமே, கேட்டிருப்பீர்கள். ஓடிவந்த தண்ணீர் நிற்க இடமில்லாமல் மோதுவதால் வரும் சத்தம் அது. அந்த மோதலைத்தான் இந்தப் பம்பு வேலை வாங்குகிறது. ஓடையில் கொஞ்சம் மேட்டிலிருந்து இரும்புக் குழாய் வழியாகத் தண்ணீரைப் பள்ளத்தில் இருக்கும் பம்புக்குக் கொண்டுவருகிறோம். அங்கே ஒரு வால்வு திறந்தே இருக்கும், தண்ணீர் அதன் வழியாக வெளியே கொட்டும். வேகம் கூடக்கூட அந்தத் தண்ணீரே வால்வைத் தள்ளி மூடிவிடும். உடனே உள்ளே அழுத்தம் எகிறும், இரண்டாவது வால்வு திறக்கும், கொஞ்சம் தண்ணீர் ஒரு காற்று அறைக்குள் ஏறி அங்கிருந்து மேலே போகும் குழாயில் நுழையும். அழுத்தம் இறங்கியதும் முதல் வால்வு தானே கீழே விழுந்து திறந்துகொள்ளும். மறுபடி ஓட்டம், மறுபடி மோதல். நிமிடத்துக்கு 40, 60 தடவை ‘டக், டக்’ என்று ராப்பகலாக இது நடந்துகொண்டே இருக்கும். எண்ணெய் வேண்டாம், கரண்ட் வேண்டாம், பக்கத்தில் ஆளும் நிற்க வேண்டாம்.

இப்போது கணக்கு. வரும் தண்ணீர் முழுவதும் மேலே ஏறாது, பெரும்பகுதி ஓடைக்கே திரும்பிப் போய்விடும். நிமிடத்துக்கு 60 லிட்டர் கிடைக்கிறது, 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது, உங்கள் வயல் பம்பிலிருந்து 20 மீட்டர் மேலே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60-ஐ 3-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் 9. சுமாராகச் செய்த பம்பு அதில் 60 சதவீதம் தரும் என்றால் நிமிடத்துக்கு 5.4 லிட்டர். இத்தனூண்டு தண்ணீரா என்று நினைக்காதீர்கள், இது 24 மணி நேரமும் ஓடுகிறது, ஒரு நாளைக்கு 7,700 லிட்டருக்கு மேல் வந்துவிடும். மேலே ஒரு தொட்டி கட்டிவைத்தால் காலையில் திறந்துவிட வேண்டியதுதான்.

பிளம்பிங் கடையில் கிடைக்கும் சாமான்களை வைத்தே இதைச் செய்கிறார்கள். இரண்டு பித்தளை செக் வால்வு (ஒரே பக்கம் மட்டும் தண்ணீரை விடுபவை), டீ, எல்போ, நிப்பிள் என்ற ஜி.ஐ. குழாய் இணைப்புகள், காற்று அறைக்கு மேலே மூடிய ஒரு தடிமனான குழாய். அந்த அறைக்குள் இருக்கும் காற்று நாளடைவில் தண்ணீரில் கரைந்து காணாமல் போய்விடும், அப்புறம் பம்பு முரட்டுத்தனமாக அடித்துத் தன்னையே உடைத்துக்கொள்ளும். அதற்கு ஒரு நல்ல யோசனை உண்டு: சைக்கிள் டியூப் ஒன்றை லேசாகக் காற்றடித்து, மடித்து, அந்தக் குழாய்க்குள் திணித்துவிடுவது. டியூபுக்குள் இருக்கும் காற்று கரையாது. யாரோ ஒரு கைவேலைக்காரருக்குத் தோன்றியதுதான், ஆனால் எவ்வளவு சுத்தமான தீர்வு பாருங்கள்!

கவனிக்க வேண்டியவை: மேட்டிலிருந்து பம்புக்கு வரும் குழாய் கண்டிப்பாக இரும்பாக இருக்கட்டும், நெளியும் ஹோஸ் போட்டால் மோதலின் வேகத்தை அதுவே விழுங்கிவிடும். நீளம், விழும் உயரத்தைப் போல நாலைந்து மடங்காவது இருக்கட்டும். வாய்ப்பகுதியில் சல்லடை இல்லையென்றால் இலையும் மணலும் வால்வில் சிக்கும். அப்புறம் முக்கியமானது, ஓடை உங்களுடையது மட்டும் அல்ல. கீழே இருப்பவர்களிடம் பேசுங்கள், ஊராட்சியிலும் வருவாய்த்துறையிலும் கேளுங்கள், குழாய் வனத்துறை நிலத்தைத் தொட்டால் அவர்கள் அனுமதி இல்லாமல் ஒரு கல்லைக்கூட நகர்த்தாதீர்கள்.

கேள்வி: நம் மலை ரயிலின் பல்சக்கர யோசனை யாருடையது? ஏன் பல் இரண்டு வரிசையாக இருக்கிறது?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, குன்னூர்

இரண்டு வரிசை என்று கவனித்திருக்கிறாயே, அதற்கே உனக்கு ஒரு சபாஷ் தங்கச்சி. சாதாரண ரயிலில் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் உருள்கிறது, வழுக்காமல் இருக்க உராய்வு ஒன்றுதான் துணை. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே சில இடங்களில் ஏறத்தாழ 12 அடி போனால் 1 அடி ஏற்றம். அங்கே உராய்வை நம்ப முடியாது. அதனால் தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வெட்டிய இரும்புப் பல்பட்டை, எஞ்சினின் அடியில் அதைக் கவ்வும் பல்சக்கரம்.

ரோமன் ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1882-இல் இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அவருக்கு முன்பே பல்பட்டை ரயில்கள் இருந்தன, அவருடைய மேலதிகாரியாக இருந்த நிக்லாஸ் ரிக்கன்பாக் ஏணி மாதிரி ஒரே பட்டையில் செய்திருந்தார். அதில் ஒரு பல்லைவிட்டு அடுத்த பல்லைப் பிடிக்கும் அந்த நொடியில் ஒரு குலுக்கல் வரும். ஆப்ட் என்ன செய்தார் என்றால், இரண்டு பட்டைகளை அடுத்தடுத்து வைத்து ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றதன் பள்ளம் வருமாறு தள்ளி அமைத்தார். ஒரு சக்கரம் பல்லைவிடும் நேரத்தில் மற்றது இறுக்கிப் பிடித்திருக்கும். பிடி ஒரு கணமும் அறாது, இழுப்பும் சீராக இருக்கும். அடுத்த தடவை குன்னூர் ஸ்டேஷனில் எஞ்சின் நிற்கும்போது குனிந்து பார், நான் சொல்வது கண்ணுக்கே தெரியும்.

இன்னும் இரண்டு விஷயம் பார்க்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரும்வரை எஞ்சின் ரயிலை முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. பெட்டி எதுவும் கழன்று கீழே ஓடிவிடக் கூடாது என்பதற்காக எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே இருக்கும். அதுவும் போதாது என்று ஒவ்வொரு பெட்டியின் மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்பார். பாதை குன்னூர் வரை வந்தது 1899-இல், ஊட்டி வரை போனது 1908-இல். யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது 2005.

கேள்வி: கேரட், உருளை நாற்றெல்லாம் உறைபனியில் கருகுகிறது. பெரிய செலவில்லாமல் காப்பாற்ற முடியுமா?
— ஒரு வாசகர், கேத்தி

எதிரி யார் என்று முதலில் தெரிந்துகொள்வோம். மேகமில்லாத, காற்றில்லாத ராத்திரிகளில்தான் உறைபனி விழும், கவனித்திருப்பீர்கள். மண்ணிலும் இலையிலும் இருக்கும் சூடு நேராக வானத்துக்குப் போய்விடுகிறது, அதனால் சுற்றியுள்ள காற்றைவிட இலை அதிகமாகக் குளிர்ந்துவிடும். காற்று இரண்டு மூன்று டிகிரியில் இருக்கும்போதே இலையில் பனி உறைவது இதனால்தான். ஆக, இலைக்கும் வானத்துக்கும் நடுவே ஏதாவது ஒரு மறைப்பு இருந்தால் பாதிச் சண்டை முடிந்தது.

நம் ஆட்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியின் தழையைக் கொண்டு மூடுகிறார்கள், இளம் தேயிலைக்குத் தாகை என்ற தழையை வைத்து மறைக்கிறார்கள். அந்தத் தழை காற்றை விடும், வெளிச்சத்தைக் கொஞ்சம் விடும், சூட்டை மட்டும் மேலே போகவிடாது. உங்கள் பாத்திக்குக் குச்சி நட்டுப் பழைய சேலையை விரித்தாலே போதும், சாயந்தரம் மூடி, காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் ஷீட்டை இலை மேல் படும்படி போர்த்தாதீர்கள், அது படும் இடமெல்லாம் இலை கருகும்.

மதியமே பாத்தியை நனைத்துவையுங்கள். ஈர மண் பகல் சூட்டை அதிகம் வாங்கிவைத்து ராத்திரி மெதுவாக விடும். ஸ்பிரிங்ளர் இருந்தால் ராத்திரி முழுக்க ஓட்டுவதும் ஒரு வழி. தண்ணீர் உறையும்போது ஒரு கிராமுக்கு 80 கலோரி வெப்பத்தை வெளியே விடும், அந்த வெப்பம் இலையைப் பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஆரம்பித்தால் காலையில் ஐஸ் உருகும்வரை நிறுத்தவே கூடாது. நடுராத்திரியில் தண்ணீர் தீர்ந்துபோனால் ஒன்றும் செய்யாமல் இருந்ததைவிட நஷ்டம் அதிகமாகிவிடும்.

அப்புறம், உங்கள் வயலின் கீழ்ப்பக்க வேலியைப் போய்ப் பாருங்கள். குளிர்காற்று கனமானது, ராத்திரியில் தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கி வரும். கீழே அடர்த்தியான வேலி இருந்தால் அங்கேயே தேங்கி நிற்கும். வேலியின் அடியில் நாலைந்து இடத்தில் வழிவிட்டால் காற்று இறங்கிப் போய்விடும். காசே இல்லாத வேலை இது, முதலில் இதைச் செய்யுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் தோட்டத்தில் அட்டைக்கடி தாங்கவில்லை. உப்பு தடவினாலும் மழையில் கரைந்துவிடுகிறது.
— ஒரு தோட்டத் தொழிலாளி, பந்தலூர்

நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால்வரை உறை தைத்து, பேன்ட்டுக்கு மேலே இழுத்து நாடாவால் கட்டிவிடுங்கள். பின்னல் சாக்ஸின் ஓட்டை வழியே அட்டை நுழைந்துவிடும், நெருக்கமான துணியில் நுழைய முடியாது. வெளிர் நிறத் துணி என்றால் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். கடித்துவிட்டால் நெருப்போ உப்போ வைக்காதீர்கள், அது குடித்ததைப் புண்ணிலேயே கக்கக்கூடும். நகத்தைத் தோலோடு ஒட்டிச் சறுக்கி வாயை நெம்பிவிட்டால் தானே விழுந்துவிடும்.

கேள்வி: பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கூரையில் செருகினால் பல்பு மாதிரி வெளிச்சம் தரும் என்று பார்த்தேன். எங்கள் தகர வீட்டில் செய்யலாமா?
— ஒரு வாசகர், பண்ணைக்காடு

யோசனை அருமையானது. பிரேசிலில் ஆல்ஃபிரெடோ மோசர் என்ற மெக்கானிக் 2002-இல் செய்தது. பாட்டிலில் தண்ணீரும் பாசி பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் பிளீச்சும் ஊற்றி, பாதி கூரைக்கு மேலே, பாதி கீழே. மேலே விழும் வெயில் தண்ணீரில் ஒளிவிலகி அறை முழுக்கப் பரவும். நல்ல வெயிலில் 40 முதல் 60 வாட் பல்பு அளவுக்கு வெளிச்சம் வரும். ஜன்னல் இல்லாத நெருக்கமான நகரத்து வீடுகளுக்கு அது ஒரு வரம்.

உங்களுக்கு வேண்டாம் என்பேன். பனிமூட்டத்தில் வெளிச்சம் சுருங்கிவிடும், ராத்திரியில் சுத்தமாகக் கிடையாது. தகரத்தில் ஓட்டை போட்டால் நம் மழைக்கு அது ஒழுகாமல் இருக்காது, ஒட்டிய பசை வெயிலிலும் குளிரிலும் விரிந்து சுருங்கி விட்டுப்போகும். அதைவிட ஒரு தகரத்தை எடுத்துவிட்டு, அதே அளவில் அதே நெளிவில் கிடைக்கும் ஒளி ஊடுருவும் ஷீட்டைப் போடுங்கள். ஓட்டை இல்லை, ஒழுகல் இல்லை, வெளிச்சமும் கூடுதல்.

கேள்வி: யானை வந்த பிறகுதான் எங்களுக்கு யானை வந்ததே தெரிகிறது. பட்டாசு, டார்ச் தவிர வேறு புத்திசாலித்தனமான வழி இல்லையா?
— ஒரு வாசகி, கூடலூர்

பக்கத்து மலையில் இருக்கிறது அம்மா. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் குழுவும் இந்தக் கேள்வியையே தலைகீழாகத் திருப்பிப் போட்டார்கள். யானையை எப்படி விரட்டுவது என்று கேட்காமல், யானை இருக்கும் இடம் ஆட்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். பக்கத்தில் யானை நின்றால் அந்தப் பகுதி மக்களின் போனுக்குச் செய்தி போகும், கேபிள் டிவியில் எழுத்து ஓடும், மேட்டில் நட்ட கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்கை மொபைலிலிருந்தே போடலாம், ஊர்க்காரர்களே போடலாம். பஸ்ஸைவிட்டு இறங்கி இருட்டில் லைன் வீட்டுக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) நடப்பவருக்கு அந்தச் சிவப்பு தெரிந்தால் நின்றுவிடுவார், உயிர் தப்பும். இந்த வேலைக்காக ஆனந்தகுமாருக்கு 2015-இல் விட்லி விருது கிடைத்தது.

யானையோடு திடீரென்று முட்டிக்கொள்வதுதான் பெரும்பாலும் ஆபத்தில் முடிகிறது, அதனால் இது மிகச் சரியான இடத்தில் கைவைத்த யோசனை. யானை தேனீக்குப் பயந்து ஒதுங்கும் என்பதை வைத்துக் கென்யாவில் லூசி கிங் என்பவர் செய்த தேன்கூட்டு வேலியும் நல்ல யோசனைதான், ஆனால் அங்கே இருக்கும் தேனீயின் மூர்க்கம் நம் ஊர் தேனீக்கு இல்லை, அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். உங்கள் ஊரில் நாலு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழுவையும் வனத்துறை ஆள் ஒருவரையும் இணைத்தாலே தொடக்கம் ஆகிவிடும். கள்ளத்தனமாக வேலியில் கரண்ட் கொடுப்பவர் யாராக இருந்தாலும் தடுங்கள், அதில் யானையும் சாகிறது, மனிதனும் சாகிறான்.

கேள்வி: டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். இதெல்லாம் ஒரு கண்டுபிடிப்பா?
— ஒரு வாசகர், ஊட்டி

கண்டுபிடிப்புதான் ஐயா, அதுவும் நான் மனசாரப் பாராட்டும் ஒன்று. குடித்துவிட்டுக் காட்டோரம் வீசிய பாட்டில் உடைந்து கிடக்கும், யானையின் பாதத்தில் ஒரு துண்டு கண்ணாடி ஏறினால் புண் சீழ்பிடித்து அத்தனை பெரிய உயிர் நடக்க முடியாமல் போய்விடும். போர்டு வைத்தார்கள், அபராதம் என்றார்கள், பாட்டில் குறையவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2022 மே மாதம் நீலகிரியில் இந்தத் திட்டம் வந்தது. அன்றிலிருந்து காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் விலை ஆகிவிட்டது. குடித்தவர் வீசினாலும் அதை எடுத்துக் கொடுக்க வேறொருவர் இருக்கிறார்.

பழைய கோலி சோடாக் கடைக்காரர்களுக்கு இது புதிதில்லை. ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் காப்புரிமை வாங்கிய அந்தப் பாட்டிலை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோனது கிடையாது, கடையிலேயே குடித்துக் கடையிலேயே கொடுப்பார்கள். ஒரே பாட்டில் நூறு தடவை சுற்றிவரும். ஜூஸ், ஊறுகாய், சாஸ் என்று எல்லாக் கண்ணாடிக்கும் இந்தப் பத்து ரூபாய் வர வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: என் மாணவன் ஒருவன், தேயிலை மூட்டை கம்பியில் கீழே இறங்கும்போது காலிக் கொக்கி தானாக மேலே ஏறும்படி கப்பி வைத்து, சைக்கிள் பிரேக்கால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மாடல் செய்திருக்கிறான். காப்புரிமை கிடைக்குமா?
— அரசுப் பள்ளி ஆசிரியர், கோத்தகிரி வட்டம்

முதலில் அந்தப் பையனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள் சார். மலையின் சரிவையே எஞ்சினாக்கியிருக்கிறான்! இறங்கும் எடையைக் கொண்டு ஏற்றும் கம்பிவடம் நேபாள மலைக் கிராமங்களில் ஏற்கெனவே ஓடுகிறது, அதனால் மொத்த யோசனைக்கும் காப்புரிமை கிடைக்காது. அவன் பிரேக்கை அமைத்த விதம் புதிதாக இருந்தால் அந்தப் பகுதிக்குக் கேட்கலாம்.

அதற்கு முன் இரண்டு கதவைத் தட்டுங்கள். ஒன்று, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் மானக் திட்டம். பள்ளி வழியாகவே இணையத்தில் பதியலாம், தேர்வானால் மாதிரி செய்ய மாணவன் கணக்கில் 10,000 ரூபாய் வரும். இன்னொன்று, குஜராத்தில் இருக்கும் நேஷனல் இன்னோவேஷன் ஃபவுண்டேஷன். பெரிய படிப்பில்லாத சாதாரண மக்களின் கண்டுபிடிப்புகளைத் தேடிப் பிடித்துக் காப்புரிமை எடுக்கவும் உதவுகிறார்கள். நீங்களே விண்ணப்பிப்பதானாலும், தனிநபருக்கு இணையவழித் தாக்கல் கட்டணம் 1,600 ரூபாய்தான், சென்னை கிண்டியில் அலுவலகம் இருக்கிறது. முதலில் தற்காலிக விவரக்குறிப்பைக் கொடுத்துத் தேதியைப் பிடித்துவிட்டால், முழு விவரம் கொடுக்க 12 மாதம் அவகாசம் உண்டு.

காப்புரிமை வாங்கினால் பூட்டிவைக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. மலையிறங்கினால் கோயம்புத்தூர், அங்கே அருணாசலம் முருகானந்தம் மலிவு விலை நாப்கின் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கி, அதைப் பெரிய கம்பெனிக்கு விற்காமல் மகளிர் குழுக்களுக்கே கொடுத்தார். 2016-இல் பத்மஸ்ரீ வந்தது. உங்கள் மாணவனிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

மாடலைப் பெரிதாக்கும்போது கம்பி எவ்வளவு எடை தாங்கும் என்று ஒரு பொறியாளரிடம் காட்டுங்கள், அதில் ஆளை ஏற்றிப் பார்க்கும் ஆசை மட்டும் யாருக்கும் வரக் கூடாது. பள்ளி ஆண்டு விழாவில் இதைக் காட்டப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். தாக்கல் செய்த ரசீது கையில் வரும்வரை அந்தப் பிரேக் பகுதியைத் துணி போட்டு மூடியே வையுங்கள், வீடியோ எடுத்து யூடியூபில் போடுவதையும் அதுவரை தள்ளிவையுங்கள். முன்கூட்டியே வெளியே காட்டிவிட்டால் ‘புதிது’ என்ற தகுதியே போய்விடும்.